சாயத்தண்ணிக்குப் பிறகு ஒரு மாத்திரை

கண் விழித்ததும் வேலாயியின் கை அடுப்பைத்தான் தேடும். உள்ளங்கைச் சீனியை நக்கியபடி ஒரு கோப்பை சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி, குடித்த பிறகுதான் முகம் கழுவுவாள். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலம் முழுக்க மகள் புவனேஸ்வரி பார்த்து வளர்ந்த பழக்கம் அது.

தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து முதல் ஆளாகப் புவனேஸ்வரி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேலாயி நேர்ந்துகொண்டாள். திருவிழா வருவதற்குள் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

கண்டியில் டாக்டர் நவரட்ணராஜா பொறுமையாக விளக்கினார். உடம்பு பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். வயதானால் கரைவது மிஞ்சிவிடும். அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. வாரத்துக்கு ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் பச்சைத்தண்ணீரில். அரை மணி நேரம் படுக்கக்கூடாது, தொண்டைக்குழாய் புண்ணாகும். அரிதாகத் தாடையெலும்பும் கெடலாம்.

“கெட்டா கெடட்டுங்க ஐயா. அதுல நிக்கிறதே நாலு பல்லு,” என்றாள் வேலாயி.

ஞாயிறுதோறும் விழுங்கிவிட்டு, கூனிய முதுகைச் சுவரோடு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். நெஞ்சு எரிந்தது. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று வாய் திறக்கவில்லை. எலும்பு உரமானால் குடத்தைத் தூக்கிவிடலாமே.

மூன்றாம் வருடம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு முறிந்தது.

“மாத்திரையை எப்பிடியம்மா எடுத்தனீங்கள்?” டாக்டர் கேட்டார்.

“வெறும் வயித்துலதாங்க. பச்சத்தண்ணியிலதான் முழுங்குனேன்.”

“அதுக்கு முதல் ஒண்டும் குடிக்கேல்லையோ?”

“சாயத்தண்ணி மட்டுந்தாங்க. ரொட்டி தொட்டதில்ல.”

 தேத்தண்ணி இருக்கும் வயிற்றிலிருந்து மருந்து எலும்புக்குப் போய்ச் சேராது என்றார் டாக்டர். லயத்தில் சாயத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்தனை படித்தும் புவனேஸ்வரிக்கு அது உறைக்கவில்லை.

“இனிமே சரியாக் குடிச்சா நடந்துருவேனா?”

சத்திரசிகிச்சையை இருதயம் தாங்காது என்று டாக்டர் மகளிடம் மட்டும் சொன்னார்.

“கொடத்த நான் எடுக்கிறேம்மா,” என்றாள் புவனேஸ்வரி.

“நீ எடுத்தா அது ஒன் கணக்கு. நேந்தது நானு.”

திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே வேலாயி போய்விட்டாள். அவள் வாங்கிவைத்த பித்தளைக் குடம், லயத்து அறையில், ஒரு சொட்டுப் பால் காணாமல் இருக்கிறது.