நான்காவது கொக்கியில் தொங்கிய வில்

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20. மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தாவில் வெயிலும் தூறலும் ஒன்றாக அடித்தன. குடையை விரிப்பதா மடக்குவதா என்று தீர்மானிக்க முடியாமலே கடைக்குள் நுழைந்தேன். என் மகள் கைப்பேசியை நீட்டினாள்.

அவள் வில்வித்தைப் பயிற்சியாளர். கடையும் அவளுடையதுதான். சுவரில் நான்கு கொக்கிகள், ஆகவே நான்கு பிராண்டுகளுக்குத்தான் இடம். மூன்றை அவள் தேர்ந்தெடுத்தாள். நான்காவது என் தேர்வு. நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவருக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் அது ஒன்றுதான் இருந்தது. “ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் எறக்கிடுவேன்பா” என்று சொல்லித்தான் மாட்டினாள்.

அது வந்துவிட்டது. வில்லாளர்களின் வாட்சப் குழுவில் ஒருவர், எங்களிடம் வாங்கிய வில்லின் படத்தைப் போட்டிருந்தார். லிம்ப் என்று சொல்லும், வளைந்து கொடுக்கிற மேல் தகடு நீளவாக்கில் பிளந்திருந்தது. ‘மூணு வாரம் தாங்கல. இந்த பிராண்டும் குப்பை, விக்கிற கடையும் குப்பை.’ கீழே நாற்பத்தொரு பதில்கள். இந்தப் பக்கத்தில் அதை விற்பது நாங்கள் மட்டும்தான், விற்றதும் ஆறே வில். அது மட்டமென்று சொந்த அனுபவத்தில் சொன்னவர்கள் பதினான்கு பேர்.

உட்கார்ந்து, எண் போட்டுப் பதில் தட்டினேன். பதினோராவது குறிப்பில் இருந்தபோது மகள் எட்டிப் பார்த்தாள்.

“இது பதிலாப்பா, நிலவரி நோட்டீஸா?”

“பதினாலு பேரு பொய் சொல்றாங்க. சும்மா இருக்கச் சொல்றியா?”

“கடைக்காரங்க போயி குரூப்ல சண்டை போட்டா, ஜெயிச்சாலும் தோல்விதான் லா. நாம கடைன்னு சொல்லுங்க, மன்னிக்கணும்னு போடுங்க, வில்லைக் கொண்டு வரச் சொல்லுங்க. அவ்ளோதான்.”

“தப்பு யாருதுன்னே தெரியல, எதுக்கு மன்னிப்பு?”

“அவருக்கு வில்லு ஒடைஞ்சிருக்கு. அதுக்கு.”

பதினொரு குறிப்புகளையும் அழித்துவிட்டு அவள் சொன்ன மூன்று வரியைப் போட்டேன்.

மூன்று மணிக்குப் படம் போட்டவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்வருகிறவர். உடைந்த வில்லைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கத்துவார் என்று பயந்திருந்தேன். கத்தவில்லை. நேராகச் சுவருக்குப் போய், நான்காவது கொக்கியில் நாணேற்றித் தொங்கிய சாம்பிள் வில்லை எடுத்தார்.

“இதுவும் அப்படித்தானான்னு பாத்துடலாம்” என்றவர், அம்பே இல்லாமல் நாணைக் கன்னம்வரை இழுத்து விட்டார். கடையே அதிர்ந்தது.

“அலமாக்” என்றாள் மகள். “அண்ணே, அம்பு இல்லாமயா விடுவீங்க?”

“அப்பத்தானே சத்தம் தெரியும். கிண்ணுன்னு கேட்டா நல்ல வில்லு. வேலை முடிஞ்சு வந்து டெய்லி பத்து வாட்டி பாப்பேன்.”

“பத்தா?” என்றேன்.

“லீவு நாள்ல இருபது, அங்கிள்.”

அம்போடு போக வேண்டிய விசை, அம்பு இல்லையென்றால் லிம்புக்கே திரும்பும், எந்த பிராண்டும் பிளக்கும் என்று மகள் விளக்கினாள். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“வாங்குறப்போ யாரும் சொல்லலையே.”

அது நியாயம்தான். நாங்கள் சொல்லவில்லை.

“குரூப்ல போட்டுடுவீங்களா அங்கிள்? என் செக்‌ஷன் ஆளுங்க எட்டு பேரு அதுல இருக்காங்க. நாளைக்கு கேன்டீன்ல ஒக்கார முடியாது.”

என் விரல்கள் துறுதுறுத்தன. உடைத்தது அவரே என்று ஒரு வரி போட்டால் போதும், என் வில் தப்பித்துவிடும். மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘கடையிலிருந்து எழுதுகிறோம். நண்பரின் வில்லுக்குப் புது லிம்ப் மாட்டிவிட்டோம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: அம்பில்லாமல் நாணை விட வேண்டாம், எந்த வில்லும் பிளந்துவிடும். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.’

கடையைச் சாத்துவதற்குள் ஏழு பேர் தாங்களும் அப்படி விடுவதுண்டு என்று எழுதினார்கள். அதில் மூன்று பேர் காலையில் சொந்த அனுபவம் பேசியவர்கள். எட்டாவதாக அவரே எழுதினார்: ‘ஒடைச்சது நான்தான். டெய்லி பத்து வாட்டி. கடை நல்ல கடை.’ அவருடைய தொழிற்சாலைக்காரர்கள் எட்டுப் பேரும் வரிசையாக ‘கிண்ணு’, ‘கிண்ணு’ என்று அனுப்பினார்கள். அவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார்.

“இருக்கட்டும்பா உங்க வில்லு” என்றாள் மகள். “ஆனா லிம்ப் காசு உங்க கணக்கு. அவர் இங்க கிண்ணு பாத்த சாம்பிள் வில்லுக்கும் சேத்து, அதையும் இனி நம்ப முடியாது.”

என் கணக்கில் எழுதினேன்: லிம்ப் இரண்டு ஜோடி, 290 மலேசிய வெள்ளி. அவருக்கும் எங்களுக்குமாக மூன்று தே தாரிக் டீ, 7 வெள்ளி 50 காசு. ஆக மொத்தம் 297 வெள்ளி 50 காசு.