மூடிய விமானத்துக்குள் எட்டு மாதம்

என் அக்காவின் புருசன் பிறெடி அத்தான் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக எனக்குச் சொல்ல மனம் வராது. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க் வேலை. குடி இல்லை, சீட்டு இல்லை, ஞாயிறு பூசை தவறியதில்லை. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய மாடி வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அந்த மேசை நிறையப் பிளாஸ்டிக் விமானங்கள். அவருடைய ஒரே பைத்தியம் அதுதான்.

எல்லா விமானமும் அவருக்கு ஆகாது. முதலாம் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு இடையில் பறந்த போர் விமானங்கள், அதிலும் மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்தவை மட்டும்தான். பெரிய கம்பனிகள் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கோ ஐரோப்பாவில் ஒரு சின்னப் பட்டறை ஐந்நூறு, அறுநூறு பெட்டி அடித்துவிட்டு அச்சை ஓரங்கட்டிவிடும். பிளாஸ்டிக் தடிப்பாக இருக்கும், ஓரமெல்லாம் பிசிறு. ஒரு பாகம் மற்றதில் போய் உட்கார முளையும் இருக்காது, ஓட்டையும் இருக்காது. சீவி, அராவி, துளை போட்டு நாமே பொருத்த வேண்டும். ஒரு துண்டு பிழைத்தால் வேறு துண்டு கிடையாது. அதனால் கத்தியை வைக்க முதல் அத்தான் மூன்று நாள் யோசிப்பார்.

ஆனால் அவர் செய்தது பாதி வேலைதான். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே குறுக்கும் மறுக்குமாகக் கம்பிகள் ஓட வேண்டும். அது முழுவதும் என் அக்கா மாக்ரெட்டின் கைவேலை. அக்கா கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டையும் கலியாண முக்காடும் தைப்பவள். பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை முறித்து, மெழுகுதிரியில் இளகக் காட்டி, இரண்டு கையாலும் இழுப்பாள். தலைமயிர் தடிப்பில் நூல் வரும், அதுதான் கம்பி. அதை அளவாக வெட்டி, சாவணம் என்ற சின்னக் கிடுக்கியால் பிடித்து, முனையில் பசை தொட்டு ஓட்டைக்குள் விடுவாள். ஒரு விமானத்துக்கு நாற்பது, ஐம்பது கம்பி.

வருடத்துக்கு ஒரு தடவை கொள்ளுப்பிட்டியில் இப்படிச் செய்த விமானங்களுக்கு ஒரு கண்காட்சி. அத்தானுக்கு நான்கு முறை முதல் பரிசு. நடுவர்கள் லென்ஸை வைத்துப் பார்த்துக் கம்பியைத்தான் புகழ்வார்கள். அத்தான் "தேங்க் யூ" என்பார். அட்டையில் அவருடைய பெயர் மட்டும்.

"ஏன் அக்கான்ர பேரைப் போடேல்லை?" என்று நான் ஒருமுறை அத்தானைக் கேட்டேவிட்டேன்.

"விடு றேணு. அவருக்கு அதில ஒரு சந்தோசம்" என்றாள் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலுமாரிக்கு மேல் பதினாறு வருடமாகத் திறக்காத பெட்டி ஒன்று இருந்தது. வில்டபீஸ்ட் என்று பெயர், ஒருகாலம் திருகோணமலையில் நின்ற விமான வகை. "ரிட்டயர் ஆனாப் பிறகு நானும் மாக்ரெட்டுமா ஆறுதலாச் செய்வம்" என்பார் அத்தான். ரிட்டயரும் ஆனார். அந்த வருடம்தான் அக்காவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணில் வந்து நின்றது. வலது கண் ஏற்கனவே மங்கிவிட்டது. கண் டாக்டர் லேசர் அடித்துப் பார்த்தார். இடது கண்ணுக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"நுணுக்கமான வேலை ஏதும் இருந்தா ஒரு வருசத்துக்குள்ள செய்து முடிச்சிடுங்கோ, அன்ரி."

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்தப் பெட்டியை இறக்குங்கோ. அதுக்கு நான் கம்பி கட்ட வேணும்."

அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேள்விப்பட்டது அந்த ஒரு முறைதான்.

ஜனவரியில் அத்தான் பெட்டியைத் திறந்தார், விமானத்தின் உள்பக்கத்திலிருந்து தொடங்கினார். பெப்ரவரி முழுக்க விமானியின் முன்னால் வேகமும் உயரமும் காட்டும் முள்ளு வட்டங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. தேயிலைப் பக்கெற்றின் ஈயத்தாளில் இருக்கைக்குப் பெல்ட் வெட்டினார், அதற்குச் செம்புக் கம்பியில் கொளுக்கி. ஏதோ ஒரு புத்தகத்தில் வேறு மாதிரி இருந்ததாம், ஏப்ரலில் அந்த இருக்கையைப் பெயர்த்துவிட்டுத் திரும்பச் செய்தார். ஜூனில் எண்ணெய்க் குழாய்கள். சனிக்கிழமை தோறும் நான் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். போகும்போதெல்லாம் அந்த விமான உடலின் இரண்டு பாதிகளும் திறந்தபடியே கிடக்கும்.

"அத்தான், மூடினாப் பிறகு இதெல்லாம் ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும், றேணு."

"அக்கான்ர கண் இருக்கெல்லோ? கெதியா மூடுங்கோவன்."

"முடியுது, முடியுது. இது ஒண்டுதான் இருக்கு. பிழைச்சா வேற இல்லை."

அவர் விமானத்தைப் பற்றித்தான் சொன்னார்.

அக்கா தினமும் காலையில் ஊசியில் நூல் கோர்த்துத் தன் கண்ணைச் சோதித்துக்கொள்வாள். ஜனவரியில் முதல் தடவையிலேயே கோர்த்தாள். ஏப்ரலில் நான்கு, ஐந்து தடவை. ஜூலையில் பக்கத்து வீட்டு டில்ஷானியைக் கூப்பிட்டுக் கோர்ப்பித்தாள். "அவருக்குச் சொல்லாதே. பதறினா அவருக்குக் கை பிழைக்கும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் சொல்லவில்லை. அத்தானைத் திட்டுகிற வாயால் இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வது அதற்குத்தான். ஒரு சத்தியத்தை மீறியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

செப்டம்பரில் ஒரு பின்னேரம் இறக்கைகள் ஏறி, வெள்ளிப் பெயின்ற் காய்ந்து, விமானம் அக்காவின் முன்னால் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே செய்த வேலையில் ஒரு சுண்டுவிரல் நகமளவு மட்டும் வெளியே தெரிந்தது.

அக்கா பிளாஸ்டிக்கை இளக்கி இழுத்தாள். நூல் எப்போதும்போல ஒரே சீராக வந்தது, அதற்குக் கண் தேவைப்படவில்லை. பிறகு மேல் இறக்கையின் ஓட்டையை விரலால் தேடினாள். சாவணம் இறக்கைகளுக்கு நடுவே நின்ற தூணில் இடித்தது. மூன்று கம்பி வைத்தாள். ஒன்று தளர்ந்து தொங்கியது. ஒன்று ஓட்டைக்குத் தள்ளி ஒட்டியது. மூன்றாவதின் பசை சொட்டி வெள்ளியில் படர்ந்தது.

"நல்லா இருக்கு, மாக்ரெட்" என்றார் அத்தான்.

"பொய் சொல்லாதேங்கோ. விறைப்பா இல்லையெண்டு விரலுக்குத் தெரியுது."

எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் என் வாய்வரை வந்துவிட்டது. அக்கா கோபப்படவில்லை என்பதால் விழுங்கிக்கொண்டேன். அவள் சாவணத்தைத் துடைத்து அத்தானின் கையில் வைத்தாள்.

"நீங்கள் கட்டுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன். முதல் எந்தக் கம்பி கட்டுறனான் எண்டு தெரியும்தானே, அங்கயிருந்து தொடங்குங்கோ."

அத்தான் சாவணத்தைப் பிடித்துக்கொண்டு விமானத்தையே பார்த்தார். வலப்பக்கம் கொண்டுபோனார், திரும்ப எடுத்தார். அக்கா காத்திருந்தாள்.

"என்ன, மறந்துபோச்சோ? முப்பது வருசமா எனக்குப் பக்கத்திலதானே இருந்தனீங்கள்."

"இருந்தனான், மாக்ரெட்" என்றார் அத்தான். கண்ணீர் மேசையில் விழுந்தது. "நீ கட்டி முடிச்ச விமானத்தைத்தான் பாத்தனான். நீ கட்டுறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை."