சூசையின் தகர டீசல்

தண்டவாளத்தில் உள்ளங்காலை ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சூசை பச்சைக் கொடியை விரிப்பார். மணி அடித்தாயிற்று, கேட்டைச் சாத்திப் பூட்டியாயிற்று, இருபக்கமும் மாட்டுவண்டிகள் வந்து நின்றாயிற்று. இதற்கு மேல் கால் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது? இருந்தாலும் வைப்பார். "கரி வண்டின்னா குதிகால்ல தட்டும். டீசல் அப்படியில்ல, முழங்கால் வரைக்கும் ஏறும்" என்பார். டீசல் என்ற வார்த்தை வந்ததும் குரல் தானாகத் தணிந்துவிடும், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, அம்பாத்துரையைத் தாண்டிக் கொடைரோடு போகிற தடத்தில் இருக்கிறது அவருடைய கேட்டு. தண்டவாளத்துக்குக் கிழக்கே கேட்டுவீடு. அதன் முதுகில் சிறுமலை. மேற்கே வெங்காயக் காடு. அந்தக் காட்டில்தான் அவர் மனைவி ஆனந்தமேரி களையெடுக்கிறார். ரயில் வருகிற நேரம் இவர் இந்தப் பக்கம் கொடியோடு நிற்பார், அந்தம்மா அந்தப் பக்கம் களைக்கொத்தோடு நிமிர்ந்து நிற்பார். வண்டி ஓடி முடிகிறவரை ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கடைசிப் பெட்டி கடந்ததும் பார்த்தால் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டைக்குள், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. காதில் மயிர் முளைத்திருக்கும். அதுதான் தூரத்துச் சத்தத்தைப் பிடித்துத் தருகிறது என்று கேலி பேசுவார்கள், அவரும் ஆமாம் என்றே சொல்வார். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் உட்காருவார். வண்டி தாமதமென்றால் வெஞ்சனம் ஆறிக் கிடக்கும், கை வைக்க மாட்டார். "அவரு பட்டினியா வாராரு, நான் மட்டும் திங்கவா" என்பது அவர் நியாயம். 'அவர்' என்பது என்ஜின்.

இந்த மனிதரைத் திண்டுக்கல் ரயில்வேக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருப்பது கொடி பிடிக்கிறதால் இல்லை. கிறிஸ்துமஸ் குடிலால். கேட்டுவீட்டின் முன்னறையில், சுவரை ஒட்டி, வைக்கோலும் சிறுமலைப் பாசியும் வைத்துக் குடில் போடுவார். மாடு உண்டு, கழுதை உண்டு, மாதாவும் குழந்தையும் உண்டு. மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் மீட்டர் கேஜ் தண்டவாளமும் உண்டு. அதன்மேல் ஒவ்வொரு வருஷமும் ஒரு புது என்ஜின். ஏசு பிறந்த காலத்தில் ரயில் ஏதப்பா என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டுவிட்டார். சூசை கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லாமத்தான சாமி மூணு ராசாவும் ஒட்டகத்துல அம்புட்டுத் தொலவு சீரழிஞ்சு வந்தாங்க" என்றார். 

மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்திய தகரம்தான் என்ஜினுக்கு உடம்பு. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் கழிவாக விழுகிற பித்தளைத் துண்டு சக்கரமாகும், ஸ்பிரிங் ஸ்பிரிங்காகவே இருக்கும். முகவிளக்குக்குப் பழைய டார்ச் பல்பு. ஆனால் பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். கடைகளில் விற்கிற ரயில் எந்த ஊர் ரயில் என்று யாருக்குத் தெரியும்? சூசையின் ரயில் இந்தத் தடத்து ரயில். பழனி வண்டியைச் செய்தால் தைப்பூசத்துக்கு முகப்பில் கட்டிய வாழைக்கன்று இருக்கும். மதுரைப் பாசஞ்சரைச் செய்தால், கொடைரோட்டில் வாங்கி டிரைவர் கொக்கியில் மாட்டிய சிறுமலைப் பழத்தார் தொங்கும். எருமை முட்டி நெளிந்த இடம் நெளிந்தே இருக்கும், ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்த கறையும் விடுபடாது.

டிரைவர்களும் ஃபயர்மேன்களும் கிறிஸ்துமஸ் அன்று வருவார்கள். கேக்குக்காக வருகிறார்கள் என்று ஆனந்தமேரி சொல்வார். வந்தவர்கள் என்ஜினைக் கையில் வாங்கி, கவிழ்த்து, திருப்பி, குற்றம் தேடுவார்கள். இதுநாள்வரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. காரணம் சூசையின் ஒரே ஒரு பிடிவாதம்: "கண்ணு பாக்காததைக் கை செய்யாது." யார் வந்து எப்படி வர்ணித்தாலும், தன் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் செய்வார்.

அப்புறம் டீசல் வந்தது. முதல் நாள் சூசை புளியமரங்களுக்கு மேலே புகையைத் தேடிக்கொண்டிருந்தார். புகை இல்லை. தண்டவாளத்தில் காலை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். காற்று முதலில் வந்தது, ஊதல் அடுத்து வந்தது, அப்புறம் கருஞ்சிவப்பு உடம்பும் மஞ்சள் பட்டையுமாக அது வந்தது. நெருப்பு இல்லை, கரி வாரிப் போடும் ஆள் இல்லை, தண்ணீருக்கு ஏங்குகிற மூச்சிரைப்பு இல்லை. இத்தனை பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, ஒன்றுமே இழுக்காதது போலப் போனது. கேட்டில் நின்ற மாடுகள்கூடக் கத்த மறந்துவிட்டன. தூசி அடங்கிய பிறகும் சூசை கொடியைச் சுருட்டவில்லை. எதிரே ஆனந்தமேரியும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது சூசை, "என்ன மேரி அது" என்று மட்டும் கேட்டார். "நானும் களைக்கொத்தக் காட்டுலயே விட்டுட்டு வந்துட்டேங்க" என்றார் அவர்.

அந்த வருஷக் குடிலுக்கு அதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. டீசலை ஓட்டுகிற டிரைவர் பெரியகருப்பன், முன்னே கரி வண்டி ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். அம்பாத்துரை சிக்னல் விழாத சாயங்காலங்களில் அவருடைய வண்டி கேட்டைத் தாண்டி வெங்காயக் காட்டோரம் நிற்கும். அப்படி நிற்கப் போகிற ஒரு நாள், கேட்டைக் கடக்கும்போதே ஜன்னலில் தலையை நீட்டி, "சூசை, பண்டிகைக்கு வாரேன். என் வண்டிய நீ என்ன பண்ணி வச்சிருக்கேன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடுகிற வண்டியிலிருந்து வந்த அந்த வார்த்தையைச் சூசை வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. முடிகிறவரை துண்டு போட்டு மூடித்தான் வைப்பார், மனைவிக்கும் காட்ட மாட்டார். பண்டிகைக்குச் சில நாள் இருக்கையில் பெயிண்ட் அடித்து வெயிலில் வைத்தார். காட்டிலிருந்து வந்த ஆனந்தமேரி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.  பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பக்கம் இப்படி இருக்காதுங்களே."

"எந்தப் பக்கம்?"

"மேக்குப் பக்கம். எங்க பக்கம். அங்கன கதவு இந்த ஓரத்துல இல்ல. கீழ ஒரு நீளக் குழாய் ஓடும். காத்துச் சல்லடை ஒண்ணுதான். நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க."

சூசை சிரித்தார். "ஏ புள்ள, போறப்ப ஒரு பக்கம் பாக்குறேன், வாறப்ப மறுபக்கம் பாக்குறேன். ரெண்டும் அச்சு மாறாம ஒண்ணுபோல இருக்கு. இம்புட்டு வருசம் கொடி பிடிச்சவனுக்குத் தெரியாதா?"

ஆனந்தமேரி கையை நீட்டினார். தகர என்ஜினை எடுத்துத் தரையில் தெற்கே தள்ளினார். பிறகு திருப்பாமல் அப்படியே வடக்கே இழுத்தார். "பாருங்க. இது திரும்பாமத்தான வருது. மூக்கு மதுரையப் பாத்தே இருக்கு."

கிழக்கே உட்கார்ந்திருந்த சூசைக்குப் போகும்போதும் அதே பக்கம், வரும்போதும் அதே பக்கம். கரி என்ஜினை மதுரையில் வட்ட மேடையில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். அதனால் போகையில் ஒரு விலாவும் வருகையில் மறு விலாவும் கேட்டுக்காரன் கண்ணுக்குக் கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தில் டீசலையும் கணக்குப் போட்டுவிட்டார். இதற்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. எத்தனை தடவை வந்து போனாலும் அவருக்குக் காட்டியது ஒரே பக்கத்தைத்தான். அவர் முகம் செத்துப்போயிற்று.

போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். முறை மாற வேண்டிய கேட்டுக்காரர் நல்லுசாமிக்குக் காய்ச்சல், பண்டிகைவரை பகல் முழுக்கச் சூசைதான். சிக்னலுக்கு வண்டி நிற்கிற நாளிலும் என்ஜின் ஒரு வண்டி நீளம் தள்ளித்தான் நிற்கும், கேட்டை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது. ஒரே ஒரு நாள் தாண்டிப்போய் அந்தப் பக்கம் நின்று கொடி காட்டினால் என்ன என்றார் ஆனந்தமேரி. "டிரைவரோட கண்ணு இந்த இடத்துலதான் என்னைத் தேடும். ஆளக் காணலைன்னா அவரு என்னன்னு நெனைப்பாரு" என்றார் இவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"சரி விடுங்க. அந்தப் பக்கம் செவுத்தப் பாத்துத்தான இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

"பெரியகருப்பண்ணன் கையில வாங்கித் திருப்புவாரு, மேரி."

அன்று ராத்திரி என்ஜினை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய்யான பக்கத்தோடு அந்த என்ஜினைப் பெரியகருப்பன் கையில் கொடுக்க முடியாது. குடிலில் டீசல் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு அவர் இத்தனை வருஷப் பிடிவாதத்தைக் கீழே வைக்க வேண்டும். காலையில் மனைவி காட்டுக்குக் கிளம்பும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "நீ பாத்ததச் சொல்லு. நான் செய்றேன்."

சொன்னால் புரியவில்லை. ஆனந்தமேரி அடுப்புக் கரியை எடுத்து, பண்டிகைக்கென்று வெள்ளையடித்த சுவரிலேயே வரைந்து காட்டினார். வெள்ளைச் சுவர் பாழாகிறதே என்று சூசை சொல்லவில்லை. மறுநாள் வண்டி போகையில் ஆனந்தமேரி இன்னும் உற்றுப் பார்த்துவிட்டு வந்து பாதியை அழித்து வரைந்தார். சாயங்காலம் சிக்னலுக்காக நின்றபோது கிட்டத்தில் போய்ப் பார்த்து வந்து இன்னொரு கோடு சேர்த்தார். சூசை மண்ணெண்ணெய்த் துணியால் மேற்குப் பக்கத்துப் பெயிண்டை உரித்து, பற்றவைத்த தகரத்தைப் பெயர்த்து, மறுபடி ஒட்டினார். சுவரைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார்.

கடைசியில் ஒன்றில் முட்டிக்கொண்டது. "மூணாவது கதவுக்குக் கொக்கி இல்ல. கம்பி போட்டு முறுக்கியிருக்கு" என்றார் ஆனந்தமேரி.

"சீமையிலருந்து கப்பல்ல ஏறி வந்த வண்டிக்குக் கம்பியா? நம்ம ஆட்டுப்பட்டிப் படலுன்னு நெனைச்சியா?"

"நான் பாத்ததச் சொன்னேன். போடுறதும் விடுறதும் ஒங்க இஷ்டம்."

சூசை கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தார். கம்பி பொய்யென்றால் திண்டுக்கல் முழுக்கச் சிரிப்பார்கள், சாகிறவரை கம்பி சூசை என்றே பெயர் நிற்கும். எழுந்து, மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை எடுத்து, மூன்றாவது கதவில் கோத்து முறுக்கினார்.

பண்டிகையன்று நல்லுசாமி தேறி வந்து கொடியை வாங்கிக்கொண்டார். பெரியகருப்பன் ஒரு சீப்புச் சிறுமலைப் பழத்தோடு வந்தார். குடிலில் சூசை கண்ட கிழக்குப் பக்கம் தெரிய டீசல் நின்றிருந்தது. வழக்கம்போல, தனக்குத் திருப்தியான பக்கத்தைத்தான் ஊருக்குக் காட்டியிருந்தார். பெரியகருப்பன் குடிலண்டை குனிந்தார். நாள்தோறும் ஓட்டுகிற வண்டிதான், ஆனால் ஓட்டுகிறவன் உள்ளே இருப்பவன். அதை முழுதாக ஒரே பார்வையில் எங்கே பார்த்தான்? "என் வண்டி இம்புட்டு அழகா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு கையில் எடுத்தார். திருப்பினார்.

கதவுகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவதில் விரல் நின்றது. சூசை உத்தரியத்தைப் பிடித்துக்கொண்டார். அடுப்படி வாசலில் ஆனந்தமேரி காபித் தம்ளரோடு அப்படியே நின்றார்.

"இந்தக் கம்பி," என்றார் பெரியகருப்பன். "பண்டிகைக்குப் பத்து நாளைக்கு முந்தி கொக்கி கழண்டு ஆடுச்சு. கொடைரோட்டுல நிப்பாட்டி நாந்தான் கட்டுனேன். ஷெட்டுக்காரனுக்கே இன்னும் சொல்லல. நீ நிக்கிறது கெழக்கால. இதை எங்கிட்டிருந்துய்யா பாத்த?"

சூசை அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் என்ஜினை வாங்கினார். துண்டால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒருமுறை துடைத்தார். குடிலண்டை மண்டியிட்டு, தான் பார்த்த பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, கம்பி முறுக்கிய கதவு வந்தவர்களைப் பார்த்திருக்கும்படி, டீசலைத் தண்டவாளத்தில் ஏற்றி வைத்தார்.