முட்டுகளைப் பிடித்துக்கொண்ட ஆண்டவர்

ஆண்டவரின் பிள்ளைகளே, என் பெயர் சூசை. கட்டடப் பொறியியல் கற்பித்த பேராசிரியர். போன தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, என் மனைவி மேரியும் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலரும் என்னால் சாக இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதன் வேர் என் சிறுவயதில் இருக்கிறது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கொள்ளும்தான் விளையும். கோயில் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஆரோக்கியம் எப்போதும் முதல், நான் இரண்டாவது. மதிப்பெண் அட்டையை நீட்டினால் அப்பா அதைப் பிரிக்கும் முன்பே, "ஆரோக்கியம் எவ்வளவு வாங்கனான்?" என்பார்.

சேலத்தில் இருவரும் பொறியியல் படித்தோம். எனக்குப் புரியாத பாடங்களை விடுதியில் அவன்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அதற்காகவும் அவனை வெறுத்தேன். பிறகு ஒரே கல்லூரியில் வேலை. முனைவர் பட்டம் அவனுக்கு முதலில். துறைத்தலைவர் பதவியும் அவனுக்கு. நான் பேராசிரியரான அன்று இனிப்புப் பொட்டலத்தோடு வந்து கட்டிக்கொண்டான். அந்த இனிப்பை நான் வாயில் வைக்கவில்லை. நற்கருணை வாங்கிய நாக்கால், "ஆண்டவரே, அவனை ஒருமுறை ஊர் முன்னால் தலைகுனிய வையும்" என்று செபித்தேன். ஒருநாள் அல்ல, ஆண்டுக்கணக்காக.

ஓய்வுபெற்ற பிறகு நான் ஒரு தனியார் கல்லூரியில் சோதனைக்கூடப் பொறுப்பில் இருந்தேன். ஆரோக்கியம் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்தான், கூலி வாங்காமல். ஊரெல்லாம் அவன் பேச்சு. மேல்தளம் வார்த்தபோது, அதே கலவையில் சில கான்கிரீட் கட்டிகளையும் வார்த்து என்னிடம் அனுப்பினான். ஏழாம் நாள் அவற்றை நசுக்கிப் பார்ப்போம். போதிய வலு இருந்தால்தான் தளத்தைத் தாங்கும் முட்டுகளை உரிய நாளில் பிரிக்கலாம்.

கட்டிகள் பொலபொலவென்று உடைந்தன. இருக்க வேண்டிய வலுவில் பாதிகூட இல்லை.

அவன் போன் செய்தான். "என்னடா சூசை, ஒடச்சிட்டியா? எப்பிடி இருக்குது?"

"நல்லாத்தாண்டா இருக்குது. உன் வேலையாச்சே," என்றேன்.

தளம் இடிந்து விழும் என்று நான் நினைக்கவில்லை. தொய்யும், வெடிப்பு விடும், சாமியார் மண்டபத்தை மந்திரித்துத் திறக்கும் நாளில் எல்லாரும் அவனைப் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் படித்தவன். விழவும் கூடும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமை காலை மேரி அழைத்தாள். "நம்மூருக்கு வந்துட்டேங்க. மண்டபத்துல முட்டு பிரிக்கிறாங்க. பிரிக்கப் பிரிக்க உள்ள கூட்டி அள்ளணும்னு பங்குச் சாமியார் சொன்னாருங்க..."

"வெளிய வா மேரி!" என்று கத்தினேன். தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஆரோக்கியத்தின் எண் பிஸி. மீண்டும் பிஸி. ஸ்கூட்டரை எடுத்தேன். வழி நெடுக அழுதேன். "ஆண்டவரே, அவனுக்கு எதிராகக் கேட்டதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த முட்டுகளைப் பிடித்துக்கொள்ளும்." வேறு செபம் எனக்கு வரவில்லை.

போய்ச் சேர்ந்தேன். முன்வரிசை முட்டுகள் மட்டும் தரையில் கிடந்தன. மற்றவை நின்றன. ஆட்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேரியும் ஊர்ப் பெண்களும் துடைப்பத்தோடு வாசலில் இருந்தார்கள்.

ஆரோக்கியம் சிரித்துக்கொண்டே வந்தான். "எத்தன வாட்டிடா கூப்பிடறது? பிஸி பிஸின்னே வருது. மொத வரிசை பிரிச்சதும் நிறுத்தச் சொல்லிட்டேன். சூசை வந்து ஒரு பார்வ பார்க்கட்டும், அவன் பாக்காம எனக்கு மனசு ஒப்பாதுன்னு."

நானும் அவனும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அழைத்திருக்கிறோம். என் செபம் வழியில் இருக்கும்போதே ஆண்டவர் அவன் மனத்தில் பேசி முடித்திருந்தார்.

அங்கேயே மண்டியிட்டு, பொறாமை, பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கியது. முதலில் பெண்களைத் தள்ளிப் போகச் சொன்னான். பிறகு கேட்டான்: "எப்ப இருந்துடா?"

"நாலாங் கிளாஸ்ல இருந்து."

அவன் என்னைத் தாண்டிப் போய், கழற்றிய முட்டுகளை மறுபடி நிறுத்தச் சொன்னான். மேரி அன்று பஸ்ஸில்தான் திரும்பினாள், என் வண்டியில் ஏறவில்லை. நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நடந்ததைக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்துப் பொறுப்பிலிருந்து விலகினேன். சிமெண்ட் ஈரம் பட்டுக் கெட்டிருந்தது பிறகு தெரிந்தது. தளத்தை இடித்து மறுபடி வார்த்தார்கள். கல் சுமக்க நானும் போனேன். வாரக்கணக்கில் ஆரோக்கியம் என்னோடு பேசவில்லை. புதிய தளத்தின் முட்டுகளைப் பிரித்து முடித்த அன்றுதான் கூப்பிட்டான்.

"மொத ஆளா நீ உள்ள போடா. நின்னுச்சுன்னா நான் வரேன்."

ஆட்கள் சிரித்தார்கள். நான் போனேன். அவனும் பின்னாலேயே வந்து, என் பக்கத்தில் நின்று தளத்தை அண்ணாந்து பார்த்தான்.

பொறாமை இன்றும் வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். வரும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லி ஆசீர் கேட்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் மனம் ஒப்பாது. கேளுங்கள். நீங்கள் அழிக்க நினைத்தவர் வழியாகவே ஆண்டவர் உங்களைக் காப்பாற்றுவார். என்னைக் காப்பாற்றினார். அவருக்கே நன்றி.