தங்கவயல் குழந்தைகள் வார்டுக்குக் குளிர்காற்று திரும்பிய நாள்

போன ஏப்ரலில் கோலார் தங்கவயலுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் வார்டின் ஏசியை இயக்கும் கன்ட்ரோலர் மின்னழுத்தம் எகிறியதில் கருகிவிட்டது. அதைப் பொருத்திய கம்பெனியே இப்போது இல்லை. பார்க்க வந்த ஒருவர், சென்சார், வயர் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட ஒரு மாதமாகும் என்று சொல்லிப் போயிருந்தார். அப்படியானால் வார்டை மூடிவிட்டு, குழந்தைகளை முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கோலாருக்கு மாற்ற வேண்டும்.

கட்டடங்களின் ஏசி, விளக்குகளைத் தானாக இயங்கவைப்பது என் தொழில். சில கம்பெனிகளின் கருவிகள் தங்கள் கருவிகளோடு மட்டுமே பேசும். பேக்நெட் போன்ற பொது மொழியில் பேசுபவை எந்தக் கம்பெனிக் கருவியோடும் சேர்ந்துகொள்ளும். அங்கே இருப்பது எது என்று, என்னைப் போனில் கூப்பிட்ட மருத்துவமனைக்காரர்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வேறு கம்பெனிக் கன்ட்ரோலர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னையிலிருந்து காலை ரயிலைப் பிடித்தேன்.

பங்காருபேட்டை சுமார் 290 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். அங்கிருந்து தங்கவயலுக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. அவசரத்தில் நான் ஆட்டோ பிடித்தேன், 350 ரூபாய். போனில் கன்னடம் பேசிக்கொண்டிருந்த ஓட்டுநர், என்னிடம் தமிழுக்கு மாறினார்.

"ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு இன்னா மேடம் உடம்புக்கு?"

"கட்டடத்துக்கு" என்றேன்.

திரும்பி ஒருமுறை பார்த்தார். அப்புறம் வேகமாகவே ஓட்டினார்.

வார்டில் ஜன்னல்களைத் திறந்து, மேசை விசிறிகளை வைத்திருந்தார்கள். பொறுப்பு நர்ஸ் கல்பனா கண்ணெல்லாம் சிவந்து நின்றார். "சாயங்காலத்துக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. ஒரு கொழந்த ஒன்றரை கிலோகூட இல்ல. அத ரோட்ல எடுத்துன்னு போறதுதான் பயம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க மேடம்."

கட்டடப் பராமரிப்பாளர் தேவராஜ் என்னை மாடிக்கு அழைத்துப்போனார். கருவிகளை இணைக்கும் வயரில் லேப்டாப்பை மாட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. தகவல் வேகத்தை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. இன்னொரு முறை மாற்றியதும் ஒவ்வொன்றாக வந்தன: வெப்ப சென்சார், விசிறி, குளிர்நீர் வால்வு. மூன்றும் மூன்று கம்பெனிகள், ஒரே மொழி.

புதுக் கன்ட்ரோலரை மாட்டினேன். உடனே திரையிலிருந்து எல்லாம் மறைந்துவிட்டன.

"இன்னாச்சு மேடம்?" தேவராஜின் குரல் இறங்கிவிட்டது.

வயர்களைச் சரிபார்த்தேன். கடைசியில் பிடிபட்டது: வால்வுக்கு ஏற்கெனவே இருந்த அடையாள எண்ணையே புதுக் கன்ட்ரோலருக்கும் கொடுத்திருந்தேன். ஒரே எண்ணில் இரண்டு பேர் பேசினால் யார் பேச்சும் கேட்காது. எண்ணை மாற்றியதும் எல்லாம் திரும்பி வந்தன. விசிறி உறுமத் தொடங்கியது.

இத்தனை கம்பெனியும் எப்படி ஒத்துப்போகின்றன என்று தேவராஜ் கேட்டார். சொன்னேன். "எங்கப்பா தங்கச் சுரங்கத்துல, நந்திதுர்க் ஷாஃப்ட்ல, ஆளுங்கள எறக்கி ஏத்துற கேஜ் ஓட்டுனவரு" என்றார். "கீழ தமிழோ தெலுங்கோ, யார் பெல் அடிச்சாலும் மேல ஒரே அர்த்தம்தான். அந்த மாரியா?" அதேதான் என்றேன்.

கீழே இறங்கியபோது கல்பனா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். சுவரில் வெப்பமானி 31 காட்டியது, பிறகு 29, பிறகு 26. அவர் போனை எடுத்து, "வண்டி வேணாம்ண்ணா, கொழந்தைங்க இங்கயே இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நானும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: ஏப்ரல் வெயில் கடுமையானது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள்; நான் செய்யாமல் ஜோலார்பேட்டை வரை நின்றேன். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு: கருவிகள் பொது மொழியில் பேச வேண்டும், கடவுச்சொற்கள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். ஒரு பெட்டி கெட்டால் ஒரு பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த மருத்துவமனையில் முதலில் அதைப் பொருத்தியவர் யாரென்று எனக்குத் தெரியாது. நினைத்திருந்தால் எல்லாவற்றையும் தன் கம்பெனிக்குள் பூட்டி வைத்திருக்கலாம். தனக்குப் பின்னால் யாரோ ஒருவர் வருவார் என்று நினைத்து, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.