எங்கள் ஒற்றனை யாரும் கவனிக்கக் கூடாது

சினிமாவுக்குக் கதை எழுதுவது சுலபம், அதை நாலு பேரை நம்ப வைப்பதுதான் கஷ்டம். அதிலும் இயக்குநர் "நிஜமான ஒற்றன் படம் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டால் நம் பாடு என்னவென்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

கதை சொன்னது

தயாரிப்பாளர் படப்பைப் பக்கம் மனை விற்று முன்னுக்கு வந்தவர். அவர் ஆபீஸில் உட்கார்ந்து உருகி உருகிக் கதை சொன்னேன். "நம்ம ஹீரோ பறக்க மாட்டான் சார், சுட மாட்டான். எதிரி வீட்டுக்கு எதிர்ல டீக்கடையில நாள் கணக்கா காத்திருப்பான். பொறுமைதான் அவன் ஆயுதம்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "என் மச்சான்கூட வேலை வெட்டி இல்லாம டீக்கடையிலதாம்பா உக்காந்திருக்கான். அவனை யாரு டிக்கெட் எடுத்துப் பாக்கறது?"

பின்தொடர்ந்தது

ஆனாலும் பணம் போட்டார். இயக்குநர் அவருடைய மருமகன். மருமகன் என்னிடம், "நம்பற மாதிரி எழுதுங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். ஒற்றன் எப்படிப் பின்தொடர்வான் என்று தெரிந்துகொள்ள, வேறு வழியில்லாமல் நானே களத்தில் இறங்கினேன். தாம்பரம் ஸ்டேஷனில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் ஏறிய ரயில் பெட்டியிலேயே ஏறினேன். வண்டலூரில் அவர் இறங்க, நானும் இறங்கினேன். அவர் ஜூஸ் கடையில் நின்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த டியூஷன் சென்டர் நோட்டீஸை ஆழ்ந்து படித்தேன்.

திரும்பி நேராக என்னிடம் வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணு வீட்லேர்ந்துதானே சார் வந்திருக்கீங்க? சிகரெட்டை விட்டுட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

தொப்பி

தாம்பரம் மார்க்கெட்டில் வேனுக்குள் கேமராவை ஒளித்து வைத்துப் படப்பிடிப்பு. தொப்பியும் வெளுத்த சட்டையுமாக எங்கள் ஹீரோ கூட்டத்தில் நடந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இயக்குநருக்கு ஆனந்தம், ஒற்றன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஹீரோவின் முகம்தான் வாடிக்கொண்டே போயிற்று. கடைசியில் மீன் விற்கும் அக்கா முன்னால் நின்று, தானாகவே தொப்பியைக் கழற்றி, தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "தொப்பிய போட்டுக்கோ சார், வெயிலு மண்டைய பொளக்குது. வஞ்சிரம் வோணுமா, இன்னா?"

மறந்துபோன வசனம்

கதையின் உச்சத்தில், மாட்டிக்கொள்ளப் போகிற நேரத்தில் ஒற்றனுக்கு மனைவியிடமிருந்து போன் வரும். நாட்டையும் தியாகத்தையும் பற்றி ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். ஹீரோவுக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது. விழித்தார், எச்சில் விழுங்கினார், "நான்... வந்துடுவேன். நீ சாப்பிட்டுத் தூங்கு" என்று திக்கித் திணறி முடித்தார். இன்னொரு டேக் போகலாம் என்று கெஞ்சினேன். இயக்குநர் காதில் வாங்கவில்லை.

படம் வந்ததும் பள்ளிக்கூட டீச்சரான என் மனைவியோடு தியேட்டருக்குப் போனேன். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த வரிசை முழுவதும் அந்த இடத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். "படத்துலயே இந்த ஒரு இடந்தாங்க நீங்க நல்லா எழுதியிருக்கீங்க."

ஒற்றன் கதையில் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டியவன் ஒற்றன் அல்ல, கதாசிரியன்தான் என்பது எனக்குப் புரிய ஒரு முழுப் படம் தேவைப்பட்டது.