சீட்டில் இல்லாத சர்வே நம்பர்

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். ஆறு வருஷமாக என் தாளில் தப்பு என்று யாரும் வாய் திறந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

புதிதாக வந்த குமாஸ்தா என்னைவிடச் சின்னவர். வந்த வாரமே ஒரு சட்டம் போட்டார். மனுவில் வரப்போகிற பெயர்கள், சர்வே நம்பர்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு சீட்டில் எழுதி, கட்சிக்காரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் டைப். சீட்டில் இல்லாத ஒன்று தாளில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ஏன் தம்பி, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"ஒங்க மேல இருக்குக்கா. வெரலு மேலதான் இல்ல. என் வெரலையே நான் நம்புறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கிளப்பிவிட்டு, வேண்டப்பட்ட யாரையோ உட்கார வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றிலிருந்து கார்பன் பிரதிகளை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவர் என் மேசைப் பக்கம் வந்தால் போதும், கை தானாகச் சாவியைத் தேடும்.

ஒரு நாள் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். புருஷன் போய்ச் சேர்ந்ததும், குடியிருக்கிற மனையே தன்னுடையது என்று கொழுந்தன் கிளம்பியிருந்தான். மனுவை அன்றைக்கே கோர்ட்டில் போட்டாக வேண்டும். மளமளவென்று அடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"நாலாம் பக்கத்துல 148ன்னு இருக்குக்கா. சீட்டுல அப்படி ஒரு நம்பரே இல்ல. அவுக மனை 184."

ஆள் சிக்கினான் என்று நினைத்தேன். அசலில் இவரே அழித்து அடித்திருப்பார். பூட்டிக் கிடக்கும் கார்பன் பிரதியில் கைவைத்திருக்க முடியாதே. எல்லாரும் பார்க்க டிராயரைத் திறந்து நாலாம் பக்கத்தைப் புரட்டினேன்.

அதிலும் 148தான். அடித்தது என் விரல்.

வெட்கத்தில் காது சுட்டது. ஒன்றும் புரியாமல் பெஞ்சில் இருந்த அந்த அம்மா, "என் வீடு அந்தத் தாள்ல இருக்குல்ல தாயி?" என்று கேட்டார். குமாஸ்தா அவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, வச்சுர்றேன் ஆத்தா" என்று புதுத் தாளைச் சொருகினேன்.

பிற்பாடு என் மகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அவள் எழுதுகிற புரோகிராமில், முதலிலேயே சொல்லி வைக்காத பெயர் ஒன்று நடுவில் வந்தால் இயந்திரம் ஏற்க மறுத்துவிடுமாம். "நம்மள நம்பவே மாட்டேங்குதும்மா" என்று சலித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. ஊரையே சந்தேகப்பட்ட நான் என் பத்து விரலை மட்டும் சந்தேகப்படாமல் ஒருத்தியின் வீட்டைத் தொலைக்கப் பார்த்தேனே என்பது இன்றும் உறுத்துகிறது.